தரையில் கிடந்த கட்டை

செர்காம் தோட்டத்தில் வளர்ந்த எனக்குச் சிறுவயதில் தெரிந்த ஒரே குதிரை, முனீஸ்வரர் கோயிலில் நின்ற சுதைக்குதிரைதான். ஆகவே, இரண்டாம் படிவத்தில் பயிலும் என் மகள் குதிரையேற்றம் கற்க விரும்பியபோது எனக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே எழுந்தன.

அவளுக்கு அந்த ஆசையை ஊட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்ஸா. 2018இல் ஜக்கார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் வெள்ளிப் பதக்கம் வென்றவர். 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தனிநபர் பதக்கம் அது. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ‘சென்யூர் மெடிகாட்’ எனும் குதிரையோடு 23ஆம் இடத்தைப் பிடித்தார். ஒழுங்குநடை, வெளிக்களத் தாண்டல், அரங்கத் தாண்டல் என அப்போட்டி மூன்று பகுதிகளைக் கொண்டது. அரங்கத் தடைகள் குளம்பு பட்டால் விழுந்துவிடும். வெளிக்களத்தில் உள்ள மரக்கட்டைகளோ பெரும்பாலும் அசையா.

பயிற்சியின்போது ஒருநாள், முழங்கால் உயரக் கட்டையின் முன் குதிரை சட்டென்று நின்றது. மகள் தூக்கி எறியப்பட்டாள். தலைக்கவசமும் மார்புக்கவசமும் அவளைக் காத்தன. “இனி இது வேண்டாம்,” என்றேன்.

“இன்னும் ஒரே ஒருமுறை, அம்மா,” என்று கெஞ்சினாள்.

அடுத்த வாரம் பயிற்றுநர் ஒரு கழியைத் தரையில் கிடத்தினார். குதிரையை முதலில் மெல்ல நடத்தியும் பின்னர் துள்ளுநடையிலும் அதைக் கடக்கச் செய்தார். “இவ்வளவு பின்னால் போக வேண்டுமா?” என்று கேட்டேன்.

“குதிரைக்குத் தன் நெற்றியின் நேர்முன்னே இருப்பது தெரியாது. கடைசிக் கணத்தில் அது உங்கள் மகளை நம்பித்தான் தாவுகிறது. அவள் கட்டையைக் குனிந்து பார்த்தால் உடல் முன்னே சாயும், குதிரை தயங்கும். பார்வை தடைக்கு அப்பால் இருக்க வேண்டும். இருவருக்கும் நம்பிக்கை திரும்ப வேண்டுமானால் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்,” என்றார்.

கல்வித் துறையில் பணிபுரியும் நான் வெட்கப்பட்டேன். தடுமாறும் மாணவரைப் பழைய பாடத்திற்கு அழைத்துச் செல்வதைப் பின்னடைவு என்றே நானும் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

ஐந்து வாரங்களுக்குப் பின் அதே கட்டையை நோக்கிக் குதிரை ஓடியது. மகளின் கண்கள் அப்பாலிருந்த மரத்தின்மேல் பதிந்திருந்தன. குதிரை தயங்காமல் தாண்டியது. வேலியோரம் நின்ற நான் மட்டும்தான் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.