வெட்டு இல்லாமல் பழமா? ஒரு திண்ணையும் லூடோவும்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். சின்னசேலத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. எழுபதைத் தொட்ட ஆயாவும், கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பேரனும் ஒரே போனில் லூடோ கிங் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆயாவின் காய் கடைசிக் கட்டத்துக்குள் போய்விட்டது.

"ஏன் கண்ணு, நான் இன்னும் ஒரு வெட்டுகூட வெட்டலயே. அதுக்குள்ள எப்படிப் பழமாகும்?"

"இதுல அந்த ரூல் இல்ல ஆயா."

"அப்புறம் என்ன ஆட்டம் இது?"

அந்தக் கேள்வி பேரனை விடவில்லை. காரணம், சொந்தமாக வீடியோ கேம் உருவாக்குவது அவன் ஆசை. மக்காச்சோளக் காட்டில் இரவுக் காவல் இருக்கும் ஒரு சிறுமியின் கதையை நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். "அதெல்லாம் யார்டா ஆடுவாங்க? லூடோ மாதிரி ஈஸியா ஒண்ணு பண்ணு, காசு வரும்" என்கிறார் அப்பா.

அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. நவி மும்பையைச் சேர்ந்த விகாஷ் ஜெய்ஸ்வாலின் நிறுவனம் 2016-ல் வெளியிட்டது லூடோ கிங். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு அதுதான் ஓடியது. வீடியோ கேம் பக்கமே வராத ஆயாக்களையும் ஆடவைத்தது இதுபோன்ற எளிய கேம்கள்தான்.

ஆனால், காசு கொட்டும் இடத்தில் நகல்களும் குவியும். 2014 பிப்ரவரியில் 'த்ரீஸ்' என்ற எண் விளையாட்டு வந்தது. ஒரு சிறு குழு ஏறக்குறைய 14 மாதம் உழைத்து உருவாக்கியது. அடுத்த மாதமே அதே பாணியில் '2048' இலவசமாக வந்தது. ஒரு 19 வயது இளைஞர் ஒரே வார இறுதியில் செய்தது அது. உலகம் 2048-ஐத்தான் கொண்டாடியது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேண்டி கிரஷ்ஷில் ஐந்து உயிரும் போனால், அடுத்த உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அல்லது காசு கட்ட வேண்டும். இது பலித்தபின், 'ஆட்டத்தில் புதிதாக என்ன செய்யலாம்' என்பதைவிட, 'எங்கே நிறுத்தினால் காசு கட்டுவார்கள்' என்று யோசிப்பதே லாபமாகிவிட்டது.

அப்படியானால் எளிமைதான் எதிரியா? இல்லை. 2023-ல் கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வும் எளிய கேம்தான். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்துபோயிருக்கும். விடுபட்டதை ஊகித்து இட்லி வார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான் கிடைத்தது.

"எங்க தெருவுல ஒரு மாதிரி ஆடுவோம், அடுத்த தெருவுல வேற மாதிரி ஆடுவாங்க" என்கிறார் ஆயா. ஒரே தாயக்கட்டை, தெருவுக்கு ஒரு விதி. லூடோ கிங்கில் அந்தத் தெருக்கள் இல்லை.

பேரன் நோட்டை மூடவில்லை. முதலில் ஆயாவின் விதிகளோடு ஒரு தாய ஆட்டம், பிறகு மக்காச்சோளக் காடு என்று முடிவு செய்திருக்கிறான். காசு வருமா என்பது அப்பாவின் கவலை. வெட்டு இல்லாமல் பழம் கிடையாது என்பதில் மட்டும் ஆயா கறார்.

உங்கள் தெருவில் தாயத்துக்கு என்ன விதி?