முன்பணமும் ஓர் அமானிதமே

அம்பத்தூரில் நாம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தபோது, உரிமையாளர் சுவரைத்தான் பார்த்தார். ஆணித் துளைகள், அடுக்களைக் கரி, வெள்ளையடிக்கும் கூலி என்று கணக்கு நீண்டது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருந்தோம். எட்டு மாதத் தொகையே திரும்பி வந்தது. மனம் பொருமினோம்.

ஆண்டுகள் கழிந்தன. ஆவடியில் நாம் கட்டிய சிறு வீட்டில் குடியிருந்தவர் சாவியை நீட்டியபோது, நம் கண்ணும் சுவருக்கே சென்றது! அவர் தந்த முன்பணமோ மகளின் கல்லூரிக் கட்டணமாக என்றோ கரைந்திருந்தது. பிடித்தம் செய்யக் காரணம் தேடினோம் என்பதே உண்மை.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பாக்கியை மட்டும் கழித்துத் திருப்பித் தரவும் பணிக்கிறது. ஆயினும் நம்மை நாணச் செய்தது சட்டமன்று. 622ஆம் ஆண்டு மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, தம்மைக் கொல்லத் துணிந்த ஊரார் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிக்க, அலீ (ரலி) அவர்களை நிறுத்திச் சென்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்.

உறவினரிடம் கைமாற்று வாங்கி, முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தோம். அடுத்துக் குடிவந்தவரின் முன்பணம் இன்று வங்கியில் தனியே இருக்கிறது. அது நம் பணமன்று.