ஆர்8-ஆ, ஆர்6-ஆ? ஒரு முகூர்த்தக் குழப்பம்

தை மாசம் சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம். வீடியோவுக்கு ஒரு ஸ்டுடியோ பேசியாச்சு. "போட்டோவுக்கு எதுக்குடா வெளி ஆளு, நீதான் இருக்கியே"ன்னு சித்தப்பா ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். ஆக, வாரத்துல அஞ்சு நாள் பொட்டி தட்டுற நான்தான் அன்னிக்கு போட்டோகிராபர். (அவ்வ்வ்...)

கையில இருக்கறது கேனான் 80டி. 2016ல வந்தது, பகல் வெளிச்சத்துல இன்னிக்கும் தங்கம். ஆனா முகூர்த்தம் காலை நாலரையிலிருந்து ஆறு. மண்டபத்துல ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏத்தினா மாப்பிள்ளை முகத்துல ரவை தூவின மாதிரி புள்ளி. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ., பரப்பளவுல 80டியோடதை விட சுமார் இரண்டரை மடங்கு. அதே அப்பெர்ச்சர், அதே ஷட்டர் வேகத்துல அந்த அளவுக்குக் கூடுதல் வெளிச்சம் சேரும். கம்பெனி மாறுற எண்ணம் இல்ல. 50, 85ன்னு ரெண்டு இ.எஃப். லென்ஸ் வச்சிருக்கேன், அடாப்டர் போட்டா புது பாடியிலயும் ஓடும். (சோனி ரசிகர்கள் கும்மிக்கு வரவேண்டாம், டாம்ரான் லென்ஸ் விலையெல்லாம் எனக்கும் தெரியும் :-))

மிச்சம் ரெண்டு பேர். 2022ல வந்த ஆர்6 மார்க் 2, 2023ல வந்த ஆர்8. ரெண்டுலயும் அதே 24.2 மெகாபிக்சல். படத்தை மட்டும் பாத்தா எது எதுல எடுத்ததுன்னு சொல்லவே முடியாது. ஆர்8 பேட்டரி, கார்டோட சேத்து 461 கிராம்தான், ஆர்6 மார்க் 2 கிட்டத்தட்ட 670. விலை வித்தியாசத்துல ஒரு நல்ல லென்ஸே வாங்கிடலாம். அப்புறம் என்ன யோசனைன்னு நண்பன் கேட்டான்.

வெள்ளைக்காரங்க விமர்சனத்துல எல்லாம் சைலண்ட் ஷட்டரைத்தான் கொண்டாடறாங்க. சர்ச்சுக்கு சரி. கெட்டிமேளம் கொட்டும்போது காதுகிட்ட வெடி போட்டாலே கேக்காது, இதுல ஷட்டர் சத்தமா! போதாததுக்கு நம்ம மேடை முழுக்க எல்.இ.டி. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாப் படிக்கும், எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாம மினுக்கிட்டே இருக்கும். ரெண்டும் மோதினா பட்டுப் புடவை மேல பட்டை பட்டையா கோடு. ஆக அந்த 40 ஃப்ரேம் வேகத்தை மேடையில நம்ப முடியாது. அதை ஒதுக்கிட்டா ஆர்8ல நொடிக்கு 6, ஆர்6 மார்க் 2ல மெக்கானிக்கல் ஷட்டர்லயே 12. எங்க வழக்கத்துல மூணாவது முடிச்சை நாத்தனார் போடுவாங்க. மாப்பிள்ளை கையிலிருந்து அவங்க கைக்கு மாறுற அந்த நேரத்துக்கு 6 போதும்னு வச்சுக்கலாம்.

போதாதது கார்டு. ஆர்8ல ஒரே ஸ்லாட். ஆர்6 மார்க் 2ல ரெண்டு, ஒரே படத்தை ரெண்டுலயும் எழுதிக்கிட்டே போகும்.

அம்மா அப்பா கல்யாண ஆல்பம் 1994ஆம் வருஷத்தது. மாலை மாத்தினது இருக்கு, அப்பா கையில தாலியோட நிக்கறது இருக்கு, அடுத்த படம் அக்னியை சுத்தி வர்றது. நடுவுல ஒண்ணு இல்ல. கெட்டிமேளம் கொட்டினப்போ போட்டோகிராபர் ரோல் மாத்திட்டு இருந்தாராம். 36 படம் முடிஞ்சு போச்சு, அவரும் என்ன பண்ணுவார். தாத்தா அப்ப அம்மாவுக்குப் பின்னாடி நின்னு அழுதாராம். அவர் அழுது அம்மா பாத்தது அந்த ஒரு தடவைதான். ஆல்பத்துல அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் "இங்க ஒண்ணு இருந்திருக்கணும்"னு சொல்லிட்டுத்தான் திருப்புவாங்க.

கார்டு செத்துப் போறது அபூர்வம்தான், ஒத்துக்கறேன். நல்ல கார்டா வாங்கி, சடங்குக்கு ஒண்ணா மாத்திக்கிட்டே இருந்தா ஒரு ஸ்லாட்லயே சமாளிக்கலாம்னு நண்பன் சொல்றதும் நியாயம். ஊர் சுத்த, பிறந்தநாள் எடுக்க நானே ஆர்8தான் வாங்குவேன். ஆனா ஆபீஸ்ல பேக்கப் இல்லாம ஒரு டேட்டாபேஸைத் தொட விடமாட்டாங்க. அதையாவது மறுபடி ஏத்தலாம். மூணு முடிச்சை "சார், இன்னொரு தடவை கட்டுங்க"ன்னு கேக்க முடியுமா?

ஆர்6 மார்க் 2, செகண்ட் ஹேண்ட். சனிக்கிழமை பாக்கப் போறேன். ரெண்டு ஸ்லாட்லயும் கார்டு போட்டு ஒரு ஐநூறு படமாவது அங்கேயே சுட்டுப் பாத்துட்டுத்தான் காசு. 24-70 லென்ஸ் அந்த ரெண்டு நாளைக்கு வாடகைக்கு. பாடி வாங்கின கையோட அதையும் வாங்கினா வீட்டுல என்னை வித்துருவாங்க.