பாதி விலை ஒயர்

இன்று என் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வுக்காக மாடி அறையிலிருந்து கணினி வழியே பாடம் எடுக்கிறேன். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அவர்கள் வீடுகளில் அது பெரிய தொகை. இரண்டு மாதமாகப் பாடத்தின் நடுவே படம் நின்று நின்று போனது. இணைப்புக் கொடுத்தவர்களிடம் நான்கு முறை புகார் செய்தேன். கடைசியாக வந்த தம்பியிடம், “பிள்ளைகள் படிப்போடு விளையாடுகிறீர்களா?” என்று கத்திவிட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. கீழே மோடத்தில் லேப்டாப்பைச் செருகிக் காட்டினார். தடங்கலே இல்லை. மாடியில் விட்டுவிட்டு வந்தது. இடையில் இருந்தது நான் பாதி விலைக்கு வாங்கிய 25 மீட்டர் ஒயர். மேலே ‘கேட் 6’ என்று அச்சிட்டிருந்தது. நுனியை வெட்டி ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினார். உள்ளே வெள்ளையாக அலுமினியம்! “செம்பு மேல்பூச்சுதான் சார். வளைவுல ஒடிஞ்சிடும்” என்றார்.

அவரிடம் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வீட்டுக்கு கேட் 5ஈ போதும். வினாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுபோகும். 10 ஜிகாபிட் வேண்டுமானால் கேட் 6 சுமார் 55 மீட்டர் வரை, கேட் 6ஏ 100 மீட்டர் வரை. எண்ணை விட முக்கியம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குவது.

உள்ளே 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கியிருக்கும். அந்த முறுக்குதான் பக்கத்து இரைச்சலைத் தடுக்கிறது. பிளக் போடும்போது தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் விடாதீர்கள். வெயில் படும் சுவரில் போனால் வெளிப்புறத்துக்கென்றே வரும் ஒயர் வேண்டும்.

மறுநாள் அவரே முழுச் செம்பு ஒயர் போட்டுக் கொடுத்தார். “தம்பி, நேற்று பேசியது என் தப்பு” என்றேன். “பரவால்ல சார், பசங்களுக்காகத்தானே கோபப்பட்டீங்க” என்று சிரித்தார்.

‘விடை தப்பாக வந்தால் முதலில் உன் படிகளைப் பார், பிறகு கேள்வித்தாளைக் குறை சொல்’ என்று உங்களுக்கெல்லாம் சொன்னவன் நான். என் படியை நான் பார்க்கவில்லை. அடுத்த வகுப்பில் ஆறு பிள்ளைகளிடமும் இதைச் சொன்னேன். விட்டுப்போன பாடங்களை இப்போது தினமும் மாலையில் நடத்துகிறேன், படம் நிற்கவில்லை.

ஒயர் வாங்குமுன் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.