கொடி கிழிந்த நாள்

தளையைக் கொண்டாடுவோர் உண்டு. தளை அறுந்த நாளைக் கொண்டாடுவோரும் உண்டு. இரண்டாவது வகை விழா ஒன்றை நாம் லண்டன் மாநகரில் கண்டோம். ஆசிரியப் பயிற்சிக்காகச் சென்றிருந்த நாட்களில், நவம்பர்த் திங்களின் முதல் ஞாயிறன்று, கதிரவன் எழுமுன்பே ஹைட் பூங்காவில் திரண்ட மக்களிடையே நாமும் நின்றோம்.

பழைய மோட்டார் வண்டிகளின் ஓட்டம் அது. 1905-ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டவைகளுக்கே இடம். பிரைட்டன் கடற்கரை நகர் வரை ஏறத்தாழ 60 மைல் தொலைவு. முந்தியவர்க்குப் பரிசு கிடையாது. மாலைக்குள் சென்று சேர்ந்தவர்க்கெல்லாம் பதக்கம்! ஓட்டுவோர், பழைய வண்டியைப் பிள்ளைபோல் பேணிவரும் ஆர்வலர்கள். கூரையற்ற வண்டிகள், நீராவியால் நகர்பவை, சக்கரத்துக்குப் பதில் கைத்தடி ஒன்றால் திருப்பப்படுபவை – அப்பப்பா, எத்தனை விதம்! எம்மெதிரே ஒரு வண்டி இருமிற்று, ஏங்கிற்று, நின்றுவிட்டது. அருகிலிருந்த முதிய அம்மையார், யார் எவரென்று கேளாமல் தோள்கொடுத்துத் தள்ளினார். நாமும் தள்ளினோம். வண்டி உயிர்பெற்றது; கூட்டம் ஆர்ப்பரித்தது.

எதற்காக இந்த விழா? வேடிக்கைக்கா? இல்லை, அதன் பின்னே ஒரு வரலாறு உண்டு.

1865-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பொறியால் இயங்கும் வண்டி, சாலையில் மணிக்கு 4 மைலுக்கும், ஊருக்குள் 2 மைலுக்கும் மேல் செல்லக்கூடாது. அதுமட்டுமா? வண்டிக்கு 60 கெஜம் முன்னே, கையில் செங்கொடியுடன் ஒரு மனிதன் நடக்கவேண்டும்! உழைப்போர் உயர்த்தும் செங்கொடியல்ல அது. ஓடப் பிறந்த பொறியை ஊர்ந்திடச் செய்த செங்கொடி!

1878-இல் சட்டம் திருத்தப்பட்டது. கொடி கட்டாயமில்லை என்றனர். ஆனால் ஆள்? அவன் நடந்தே தீரவேண்டும், 20 கெஜம் முன்னால்! கொடி போயிற்று, கொடி பிடித்தவன் போகவில்லை. மேலும் 18 ஆண்டுகள் நடந்தான். சின்னம் ஒழிந்ததும் சிறுமை ஒழிந்ததென்று எண்ணி மகிழ்வோர், இதை எண்ணிப் பார்க்கட்டும்.

1896-இல் புதிய சட்டம் பிறந்தது. நடக்கும் ஆள் வேண்டியதில்லை. வேகம் 14 மைல்வரை செல்லலாம். அது நடைமுறைக்கு வந்த நவம்பர் 14 அன்று, வண்டியோட்டிகள் பிரைட்டனுக்குப் புறப்பட்டனர். புறப்படுமுன் வின்சில்சி பிரபு செங்கொடியைக் கிழித்தெறிந்தார். விடுதலை ஓட்டம் என்றே அதற்குப் பெயர்! அதன் நினைவாகவே இன்றும் ஓட்டம் தொடங்குமுன் கொடி கிழிக்கப்படுகிறது.

ஆனால், அச்சம் முழுதும் பொய்யா? அதையும் மறைக்காமல் பேசுவதே பகுத்தறிவுக்கு அழகு. அதே 1896-இல், ஆகஸ்ட் 17 அன்று, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் திடலில், பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி மாண்டார். பிரிட்டனில் பெட்ரோல் வண்டிக்குப் பலியான முதல் பாதசாரி அவர். மணிக்கு 4 மைல் வேகத்திலேயே வந்ததாக ஓட்டியவர் சாட்சியம் சொன்னார். வேகம் குறைந்திருந்தால் மட்டும் உயிர் காக்கப்படுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதற்காக மீண்டும் கொடி பிடிக்கும் ஆளைத் தேடினார்களா? இல்லை. 1903-இல் வண்டிக்குப் பதிவு எண் வேண்டும், ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும், பிறர்க்கு இடர்செய்யும்படி ஓட்டுவது குற்றம் என்று விதித்தனர். 1935-இல் புதிதாக ஓட்ட வருவோர்க்குத் தேர்வு கட்டாயமாயிற்று. அச்சம் போட்ட விலங்கு அகன்றது. அறிவு வகுத்த ஒழுங்கு வந்தது. முன்னது, ஓடாதே என்றது. பின்னது, ஓடு, ஆனால் பொறுப்போடு ஓடு என்கிறது.

இளைஞர்காள்! விதியை உடைப்பதே வீரமென்று சிலர் நினைப்பர். விதியென்றால் வணங்குவதே அறமென்று சிலர் நினைப்பர். இரண்டும் சிந்தனைச் சோம்பல். எந்த விதியைக் கண்டாலும் கேளுங்கள்: இதைப் பெற்றது அச்சமா, அறிவா? இது யாரைக் காக்கிறது? இதற்கு இன்றும் தேவை உண்டா? விடை கூறும் விதியைப் போற்றுங்கள். விடை கூறாது விழிக்கும் விதியை மாற்றுங்கள். அதோடு நில்லாமல், அதன் இடத்தில் வைக்கவேண்டியது எது என்பதையும் ஆய்ந்து சொல்லுங்கள். கொடியைக் கிழிக்க ஒரு காலை போதும். சாலையை அனைவர்க்கும் உரியதாக்கத் தலைமுறைகள் உழைக்கவேண்டும்!