புகையைப் பார்

இம்மலரைப் புரட்டும் தில்லித் தமிழன்பர்களுள், அறுபதுகளில் சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி வடக்கே இரயிலேறியவர்கள் சிலரேனும் இருப்பர். அக்கால விளையாட்டுப் போட்டிகளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தரையில் சுண்ணாம்புக் கோடுகள்; ஓட்டக்காரன் கால் ஊன்றத் தானே தோண்டிக்கொண்ட குழிகள்; கோலூன்றித் தாண்ட மூங்கிற்கழி; முடிவுக் கோட்டில் இருவர் இழுத்துப் பிடித்த நூல். முள் பதித்த காலணிகள் எங்கள் கல்லூரியில் மூன்றே இணைகள். ஒருவன் ஓடிமுடித்துக் கழற்றிக் கொடுக்க, அடுத்தவன் நுனியில் காகிதத்தைத் திணித்து மாட்டிக்கொள்வான்.

நேரம் குறிப்பவருக்குத் தனி மதிப்பு உண்டு. "துப்பாக்கிச் சத்தத்தைக் கேளாதே, புகையைப் பார்" என்பது எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் ஓயாமல் சொல்லும் பாடம். நூறு மீட்டர் தொலைவைக் கடக்க ஓசைக்கு ஏறத்தாழ 0.3 நொடி பிடிக்கும். நல்ல ஓட்டக்காரனுக்கு அது மூன்று மீட்டர்!

1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்து, நொடியின் பத்தில் ஒரு பங்கில் பதக்கத்தை இழந்தபோது விடுதியில் பலர் உண்ணவில்லை. அதே ரோமில், 100 மீட்டர் நீச்சலில் மூன்று கடிகாரங்களும் அமெரிக்கரான லார்சனுக்கே குறைந்த நேரத்தைக் காட்ட, நடுவர்களோ ஆஸ்திரேலியரான டெவிட்டுக்குத் தங்கத்தை அளித்தனர். அந்த அநியாயத்தை எங்கள் அறையில் நானும் என் அறைத்தோழனும் பல இரவுகள் அலசியிருக்கிறோம்.

தோழன் தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வளர்ந்தவனுக்குச் சுவரில் மோதித் திரும்பும் வித்தை மட்டும் வரவே இல்லை. 1961இல் மெரினா நீச்சற்குளத்தில் கல்லூரி அணிக்குத் தேர்வு நடந்தது. இடம் ஒன்றுதான் மீதி. நான் முதற்சுற்றிலேயே தோற்றுவிட்டதால், முடிவில் முதலில் தொடுபவன் யார் என்று பார்க்க என்னைக் கரையில் மண்டியிட வைத்தார் ஆசிரியர்.

ஒவ்வொரு திருப்பத்திலும் பின்தங்கிய தோழன், கடைசி நீளத்தில் எதிராளியை எட்டிப் பிடித்தான். நீருக்கடியில் அவனுடைய விரல்நுனிகள் சுவரைத் தொட்டதைப் பார்த்தேன். அதன் பின்னரே மற்றவனுடைய உள்ளங்கை 'பளார்' என்று சுவரில் அறைந்தது. கரையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டது அந்த ஓசையைத்தான்.

"யாரப்பா முதல்?" என்றார் ஆசிரியர்.

நாங்கள் இருவரும் ஓரறையில் வாழ்பவர்கள் என்பது கல்லூரி முழுவதற்கும் தெரியும். உண்மையைச் சொன்னால், நண்பனுக்காகச் சொன்னேன் என்பார்கள். அந்த அச்சம் ஒரு கணந்தான். அந்தக் கணத்திலேயே மற்றவன் பெயரைச் சொல்லிவிட்டேன். நேர்மையாளன் என்று அன்று ஆசிரியர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். தோழன் துண்டால் தலையைத் துவட்டியபடி, "பசிக்கிறது, வா" என்றான். அதன்பின் அவன் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

2012இல் அவன் தில்லிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். தால்கட்டோரா குளத்தில் என் பேத்திக்கு நீச்சற்போட்டி; இருவரும் போயிருந்தோம். சுவரில் பதித்த மின்பலகையைக் குழந்தை தொட்டதும், நொடியின் நூற்றில் ஒரு பங்குவரை எண்கள் பலகையில் ஒளிர்ந்தன. அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"நம் நாளில் இது இருந்திருந்தால் உனக்கு அன்று அந்தச் சங்கடம் இருந்திராது" என்றான் அவன். "எனக்கு எதிராகச் சொல்ல வேண்டியிருந்ததே என்று எவ்வளவு தவித்திருப்பாய்!"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆண்டுதோறும் இம்மலரில் ஒரு படியைத் திருநெல்வேலிக்கு, அவன் முகவரிக்கு அஞ்சலில் அனுப்புவது என் வழக்கம். முதற்பக்கம் முதல் விளம்பரங்கள் வரை ஒன்று விடாமல் படிப்பவன் அவன். இவ்வாண்டும் அனுப்புகிறேன்.