காலை 5.40-க்கு வேன் ஏறும் பையன்

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. குழந்தைகளின் வழக்கு என்பதால் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், சியாட்டிலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். நீதிமன்ற வாசலில் இறக்கிவிட்டு, "மூணு மணிக்கு வந்துடறேம்மா" என்று மகள் கிளம்பினாள். காலை எட்டேகால். விடாத தூறல்.

கைப்பை, கைக்கடிகாரம் எல்லாம் சோதனை முடிந்து இரண்டாம் மாடி ஏறினேன். தானியங்கி இயந்திரத்தில் காபி 2 டாலர். சூடு இருந்தது, ருசி இல்லை. காத்திருக்கும் இடத்தில் ஒரு கூடை நிறைய பொம்மைகள். சின்னக் குழந்தை ஒன்று துணி யானையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எதிர் பெஞ்சில் ஒரு இளம்பெண் டிஷ்யூ தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து மடியில் சேர்த்தாள். அடி, பட்டினி, போதை என்று ஏதோ ஒரு காரணத்தால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தற்காலிக வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளின் வழக்குகள்தான் இங்கே நடக்கின்றன.

நான் பார்க்க வந்த அம்மாள் எட்டரைக்கே வந்துவிட்டார். வெள்ளைத் தலை, ஈர மழைக்கோட்டு. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீதிமன்றம் நியமித்த தன்னார்வலர். 'காசா' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 30 மணி நேரப் பயிற்சி, பின்னணிச் சோதனை, நீதிபதி முன் உறுதிமொழி. அதற்குப் பிறகுதான் ஒரு குழந்தையின் வழக்கை ஒப்படைப்பார்களாம். சம்பளம் கிடையாது. கையில் ரப்பர் பேண்டு போட்ட நோட்டு. என் பார்வை அதன்மேல் போனதும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "இது அந்தப் பையனுடைய விஷயம்."

இந்த ஏற்பாடு பிறந்ததே சியாட்டிலில்தான். டேவிட் சூக்கப் என்ற நீதிபதி, ஒரு குழந்தை எங்கே வளர வேண்டும் என்று தீர்மானிக்கப் போதிய தகவல் கையில் இல்லையே என்று தவித்தார். ஊர் மக்களுக்கே பயிற்சி கொடுத்து, குழந்தையை நேரில் பார்த்துவர அனுப்பலாம் என்று தோன்றியது. 1977-ல் சியாட்டில் இருக்கும் கிங் கவுன்டியில் தொடங்கியது, இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நடக்கிறது.

சுவரில் ஒட்டியிருந்த தாளில் 'குழந்தையின் குரல்' என்று போட்டிருந்தது. அது எப்படி ஒலிக்கும் என்று கேட்கத்தான் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நீதிபதி தடுத்தாலொழிய இந்த மாநிலத்தில் இத்தகைய விசாரணையை யாரும் பார்க்கலாம்.

ஒன்பது வயதுப் பையன். அவன் வரவில்லை. டிஷ்யூ கிழித்த பெண்தான் அம்மா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மறுஆய்வு இது. பையனின் கோப்பு தன்னிடம் வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது என்றார் சமூகப் பணியாளர். அறிக்கையைப் படித்தார்: "பள்ளியில் நன்றாக இருக்கிறான்."

அடுத்து அம்மாள் எழுந்தார். இந்த வழக்கில் அவருக்கு இரண்டு வருடம் இரண்டு மாதம். நோட்டைப் பிரித்தார். "செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனேன். முதல் பாடவேளை முழுக்கத் தூங்கினான். புது வீடு பள்ளியிலிருந்து 23 மைல். காலை 5.40-க்கு வேன் ஏறுகிறான். வேன் வரும்போது நானும் தெருவில் நின்று பார்த்தேன்."

நீதிபதி பேனாவை எடுத்தார். பள்ளியை மாற்றலாமா என்று கேட்டார். "வேண்டாம். தங்கை அங்கேதான் படிக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள்."

கொஞ்சம் நிறுத்தினார். "இன்றைக்கே அம்மாவிடம் போக வேண்டும் என்கிறான். அதை உங்களிடம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இன்னும் சில மாதம் பொறுக்கலாம் என்பது என் கருத்து." அந்தத் தாய் தலை குனிந்தாள். அம்மாள் அவள் பக்கம் திரும்பி, "மகனுடனான ஒரு சந்திப்பைக்கூட இவர் தவறவிடவில்லை. அதையும் பதிவு செய்யுங்கள்" என்றார்.

17 நிமிடத்தில் முடிந்தது. பள்ளிக்கு அருகில் வேறு வீடு தேட வேண்டும், இரண்டு வாரத்தில் பதில் வேண்டும் என்று உத்தரவு.

குரலைக் கேட்க வந்த எனக்கு நினைவில் நின்றது, விடிவதற்கு முன் அந்த அம்மாள் தெருவில் நின்றதுதான். காகிதத்தில் "நன்றாக இருக்கிறான்" என்று எழுத யாராலும் முடியும். 5.40-ஐச் சொல்ல, ஒருவர் போய் நின்றிருக்க வேண்டும்.

வெளியே இன்னும் தூறல். இனி வீட்டுக்குத்தானா என்று கேட்டேன். "இல்லை, பையனிடம் போகிறேன். அம்மாவிடம் இப்போது போக முடியாது என்பதை நானே சொல்ல வேண்டும். என்மேல் கோபப்படுவான். படட்டும்." காரில் ஏறியதும் நோட்டைப் பிரித்து இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி எழுதினார். அடியில் இரண்டு கோடு போட்டார்.